கந்தப்பளையிலிருந்து வெலிமடைக்கு: பாவித்த டபுள் கெப் ட்ரெய்லர் இழுக்குமா?

கேட்டவர் கந்தப்பளையில் கரட்டும் லீக்ஸும் போடுகிற ஒரு தம்பி. வெலிமடைப் பக்கம் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் எடுத்திருக்கிறார். வருடத்தில் ஆறேழு தடவை லேண்ட்மாஸ்டரையும் (இரண்டு சக்கரக் கை உழவு இயந்திரம்) தண்ணீர்ப் பம்பையும் அங்கே கொண்டுபோய், வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கம்பளையில் 2007ஆம் ஆண்டு டபுள் கெப் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். 2.5 டீசல், மீற்றரில் 2 இலட்சத்து 80 ஆயிரம் கிலோமீற்றர், பின்னால் கொக்கி ஏற்கெனவே இருக்கிறது. வெல்டிங் கடையில் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று அடித்துக்கொண்டால் இந்த வண்டி இழுக்குமா, நம்பி வாங்கலாமா என்று கேட்கிறார்.

இழுக்கும் தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டர்போ உள்ள எந்த 2.5 டீசலும் ஒரு தொன் ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு ஹக்கலை ஏற்றத்தில் முனகிக்கொண்டாவது ஏறிவிடும். தோட்டத்து கராஜில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏற மாட்டாமல் என்னிடம் வந்த கெப்பை விரல் விட்டு எண்ணலாம். இறங்கும்போது பிரேக் கருகி வந்ததற்குக் கணக்கே இல்லை. ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: வெலிமடை வழியில் ஹக்கலையிலிருந்து கெப்பட்டிப்பொல வரை அந்தப் பாரத்தோடு இது பத்திரமாக இறங்குமா?

முதலில் பாரத்தைக் கூட்டிப் பார்ப்போம். டபுள் கெப்பின் வெறும் எடை பெரும்பாலும் 1.7 முதல் 2 தொன் வரை வரும். நீங்களும் உதவிக்கு ஒருவரும் ஏறி, பின்தட்டில் பம்பும் டீசல் கேனும் இரண்டு உர மூட்டையும் போட்டால் இன்னும் 300 கிலோ. வெல்டிங் கடை ட்ரெய்லர் எப்போதும் தேவைக்கு மேல் கனம். இரும்பை அள்ளிப் போட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு 300 கிலோ வையுங்கள். லேண்ட்மாஸ்டர் 400 கிலோவுக்குக் கிட்ட. எல்லாம் சேர்த்து 3 தொன்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். வெலிமடைக்குப் போவதற்குள் 700 மீற்றருக்குக் குறையாமல் இறங்கிவிடுவீர்கள். 3 தொன் எடை 700 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்குப் போட்டால், 60 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை என்ஜின் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்க வேண்டும். நீங்கள் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற ஆளாக இருந்தால் அவ்வளவு சூடும் இரண்டு டிஸ்க், இரண்டு ட்ரம் மேல்தான் விழும்.

பெற்றோல் என்ஜினில் காலை எடுத்தால் வண்டியைப் பிடித்து இழுப்பது தெரியும். டீசலில் அந்தப் பிடி குறைவு. அதனால்தான் லொறிகளுக்கு எக்ஸோஸ்ட் பிரேக், அதாவது புகை போகும் வழியை அடைத்து என்ஜினையே பிடிக்க வைக்கிற ஏற்பாடு, வைத்திருக்கிறார்கள். கெப்புகளுக்கு அது கிடையாது. எங்கள் பழைய கொழுந்து லொறி டிரைவர்மார் ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள். ட்ரெய்லர் கட்டினால் அதற்கும் ஒரு கியர் கீழே என்று நான் சொல்வேன். ஏறும்போது மூன்றாவது என்றால் இறங்கும்போது இரண்டாவது. பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும்.

இப்போது பிரேக் எண்ணெய். டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 4 வீதம்கூட வேண்டாம், அதற்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே கொதிநிலை 140 வரை இறங்கலாம். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் நிற்கிற ஊர் நம்முடையது. எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆறவிட்டு மிதித்தால் மறுபடி நன்றாக இருக்கும். அதனால் கராஜுக்கு வந்ததும் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

எனக்கே நடந்தது. இரவல் ட்ரெய்லர் ஒன்றில் கொங்கிரீட் மிக்சரை ஏற்றிக்கொண்டு ஹக்கலை இறக்கத்தில் வந்தேன். ட்ரெய்லருக்குப் பிரேக் இல்லை. அவசரம், மூன்றாவது கியரிலேயே விட்டேன். தோட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெடல் பஞ்சு போல ஆனது. இரண்டாவதுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் ஓரமாக உரசி நிறுத்தினேன். சக்கரத்திலிருந்து வந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. பிரேக் எண்ணெயை நான் மூன்று வருடமாக மாற்றியிருக்கவில்லை, கராஜ்காரன் வண்டிக்கு எப்போதும் அந்தக் கதிதான்.

அதனால் எந்த வண்டி வாங்கினாலும் முதல் வேலை எண்ணெயை முழுக்க மாற்றி, கொதிநிலை கூடிய டொட் 4 ஊற்றுவது. அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

பிரேக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பாவித்த கெப் வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைப் பார்ப்பதில்லை. பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில், கம்பியோ ஸ்பிரிங்கோ மாட்டிய ஒரு சின்ன வால்வு இருக்கும். பின்பக்கம் பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். தட்டு வெறுமையாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். மரக்கறி ஏற்றுகிறவர்கள் பின்பக்கம் தாழக்கூடாது என்று லீப் ஸ்பிரிங்கில் இரண்டு இலை கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். வண்டி தாழவே தாழாது. வால்வோ, பாரமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும். 800 கிலோ ஏற்றியும் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், எல்லாம் முன் டிஸ்க் தலையில். சில வண்டிகளில் வால்வு இறுகிப்போய்விட்டது என்று கழற்றிவிட்டு நேரடியாகக் குழாய் போட்டிருப்பார்கள். அது வேறு ஆபத்து, மழை நாளில் வெறும் வண்டியாக வரும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். கம்பளைக்குப் போனால் கீழே படுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் இலைகளில் ஒன்றிரண்டு மட்டும் நிறம் மாறிப் புதிதாகத் தெரிந்தால் வண்டி என்ன வேலை பார்த்தது என்று உங்களுக்கே விளங்கும்.

ட்ரெய்லருக்கு வருவோம். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குப் பல கெப் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிற எல்லை 750 கிலோ, ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்த்து. உங்கள் கணக்கு ட்ரெய்லர் 300, லேண்ட்மாஸ்டர் 400, ஆக 700. எல்லைக்குள் இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த எண்ணை வைத்தவர்கள் புது வண்டியை மனதில் வைத்துத்தான் வைத்தார்கள். உங்களுடையது பதினெட்டு வயதைத் தாண்டியது. ஓவர்ரன் பிரேக் உள்ள ட்ரெய்லர் செய்யச் சொல்லுங்கள். முன் வண்டி வேகம் குறையும்போது பின்னால் வரும் ட்ரெய்லர் முட்டும் அல்லவா, அந்த முட்டுகிற விசையையே எடுத்து அதன் சொந்த பிரேக்கைப் பிடிக்க வைக்கிற ஏற்பாடு அது. மின்சாரம் வேண்டாம், கெப்பில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு தொல்லை உண்டு: மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் கெப் தள்ளுவதையும் அது முட்டுவதாக எடுத்துக்கொண்டு பிரேக் பிடிக்கும். அதற்கு ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். இறங்கிப் போய் அதைப் போட வேண்டும், முடிந்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும்.

கெப்பின் கொக்கியில் ட்ரெய்லர் முனை உட்காருகிற உருண்டையின் மேல் விழுகிற பாரமும் முக்கியம். ட்ரெய்லர் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் அங்கே இருக்க வேண்டும். 700 கிலோவுக்கு 70 கிலோ. குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும், இறக்கத்தில் அந்த ஆட்டம் கூடிக்கொண்டே போகும். கூடினால் கெப்பின் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடி போகும். 70 கிலோ என்பதை 70 ஆக எடுக்காதீர்கள். உருண்டை பின் அச்சிலிருந்து 1.2 மீற்றர் பின்னால் இருக்கிறது, அச்சுகளுக்கு இடையில் 3 மீற்றர் என்று வைத்தால், பின் அச்சு 98 கிலோ தாங்கும், முன் அச்சில் 28 கிலோ குறையும். சீசோ பலகைக் கணக்குத்தான். உங்களிடம் மரக்கறி நிறுக்கிற தராசு இருக்குமே, ட்ரெய்லர் முனையை அதன் மேல் வைத்து நிறுத்துப் பாருங்கள். லேண்ட்மாஸ்டரின் என்ஜின் பக்கம் ட்ரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தால் கணக்கு சரியாக வரும்.

கொக்கி ஏற்கெனவே இருக்கிறது என்றீர்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல் இல்லை. பம்பரில் ஒட்டிய கொக்கி என்றால் அலங்காரம். சேசிஸின் இரண்டு நீள இரும்பிலும் இருபக்கமும் போல்ட் போட்டுப் பிடித்த குறுக்குச் சட்டம் இருக்க வேண்டும். சேசிஸ் இரும்பிலேயே நேராக வெல்டிங் வைத்திருந்தால் அந்த இடத்தைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள், இரும்பு சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும். உருண்டை 50 மில்லிமீற்றர், ட்ரெய்லர் கிண்ணமும் அதே அளவா என்று பார்க்க வேண்டும். இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, குறுக்காக மாட்டுவது. லைட் வயர் வேலை செய்ய வேண்டும். பனிமூட்டத்தில் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத ட்ரெய்லர் என்பது நடுரோட்டில் நிற்கிற பாறாங்கல்.

என்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதை எல்லாரும் பார்ப்பார்கள். 1900 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இருந்தால் அது பெரும்பாலும் ஈடுகட்டும். பழைய ஹைலக்ஸில் வந்த டர்போ இல்லாத 3எல், 5எல் என்ஜின்கள் சாகாவரம் பெற்றவை, ஆனால் ட்ரெய்லரோடு எங்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். டொயோட்டா 2கேடி, மிட்சுபிஷி எல்200இல் வந்த 4டி56 இரண்டுக்கும் டைமிங் பெல்ட். ஒரு இலட்சம் முதல் ஒன்றரை இலட்சம் கிலோமீற்றருக்குள் மாற்றியிருக்க வேண்டும், அறுந்தால் என்ஜின் காலி. இசுசு 4ஜேஜே1, நிசான் வைடி25 இரண்டுக்கும் செயின். 2 இலட்சத்து 80 ஆயிரம் ஓடிய வண்டியில் இரண்டாவது பெல்ட் போட்ட பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லை, ஆனால் போட்டாச்சு என்றால் போடவில்லை என்றே கணக்கில் எடுத்து, அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

அந்த 2 இலட்சத்து 80 ஆயிரத்தையும் நான் நம்ப மாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். நடுவில் ஐந்து வருடம் ஊரில் இருந்த வண்டிகளே கை மாறிக் கை மாறி ஓடின. மீற்றரைக் குறைப்பது ஒரு மணி நேர வேலை. கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஸ்டியரிங்கின் மேல் வளைவு, இவை பொய் சொல்லாது. இன்னொரு எச்சரிக்கை: வண்டி நிற்பது கம்பளையில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மகாவலிக் கரையில் தண்ணீர் எங்கே ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். தரை விரிப்பின் கீழே முகர்ந்து பாருங்கள். கடற்கரை ஊரில் ஓடிய வண்டியாக இருந்தால் சேசிஸின் உள்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உப்புத் தின்ற இரும்பு மந்தமாகக் கேட்கும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், நான் வருமுன் என்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று. வந்து பொனெட்டைத் தொட்டுப் பாருங்கள். கம்பளைக் குளிர் பெரிதில்லை, அங்கே ஸ்டார்ட் ஆவது கந்தப்பளையில் விடிகாலை ஆகாது. குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டு அடங்கினால் க்ளோ ப்ளக் செலவு. அடங்காவிட்டால் அதைவிடப் பெரிய செலவு. ஓடும்போது நாலாவது கியரில் 40இல் வைத்து எக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ட்ரெய்லரோடு கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்புவதுதான் கிளட்சைத் தின்னும் வேலை, அதனால் இதில் சமாதானம் வேண்டாம்.

முடிந்தால் பத்து உர மூட்டை, அதாவது 500 கிலோ, தட்டில் போட்டு றம்பொடை ஏற்றத்தில் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். வெப்ப முள் நடுவைத் தாண்டக்கூடாது. மேட்டில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டுப் பெடலிலிருந்து காலை எடுங்கள். திரும்பி இறங்கியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சூடு பட்டுவிடும். முன் இரண்டும் அனலாக இருந்து பின் இரண்டும் குளிர்ந்து கிடந்தால் மேலே சொன்ன வால்வு ஞாபகத்துக்கு வரட்டும்.

நாலு சக்கர இழுவை வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தார் ரோட்டுக்கு வேண்டாம். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் கியர்ப் பெட்டியும் டயரும்தான் தேயும். ஆனால் வெலிமடையில் உங்கள் துண்டுக்குப் போகிற மண் பாதை மழையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். களிமண் மேடு என்றால் லோ கியர் உள்ளது வேண்டும். கிறவல் என்றால் இரண்டு சக்கரமே போதும், பராமரிப்பும் குறையும்.

சரி, இவ்வளவும் சொன்னபின் என் சொந்த அபிப்பிராயம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ட்ரெய்லரே செய்ய மாட்டேன். சிங்கிள் கெப் ஒன்று தேடுவேன். டபுள் கெப்பின் தட்டு ஒன்றரை மீற்றர் அளவுதான், லேண்ட்மாஸ்டர் அதில் அடங்காது. சிங்கிள் கெப்பின் தட்டு 2 மீற்றருக்கு மேல். கைப்பிடியைக் கழற்றி, கதவைத் திறந்துபோட்டு, இரண்டு நல்ல பலகை வைத்து ஏற்றினால் ஏறிவிடும். 400 கிலோ அந்தத் தட்டுக்கு ஒரு பாரமே இல்லை. 300 கிலோ ட்ரெய்லர் இரும்பைச் சும்மா இழுத்துக்கொண்டு போவது மிச்சம், வளைவில் பின் சக்கரம் உள்பக்கம் வெட்டுமே என்ற கவலையில்லை, தோட்டத்துப் பாதையில் எதிரே லொறி வந்தால் ரிவர்ஸ் எடுக்கலாம். ட்ரெய்லரோடு குறுகிய பாதையில் ரிவர்ஸ் எடுத்துப் பழகாதவர் ஒருமுறை முயன்று பாருங்கள், அப்புறம் நான் சொல்வது புரியும். மற்ற நாள்களில் அதே தட்டில் கரட் மூட்டை கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், டபுள் கெப்தான் வேண்டும் என்றால் அது வேறு கதை, நியாயமான கதையும்கூட. அப்போது இந்த வண்டியை வாங்குங்கள், மேலே சொன்னவற்றில் தேறினால். ட்ரெய்லர் செய்வதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதல் வருடம் ஆறு தடவையும் ஒரு டிமோ பட்டாவோ சின்ன லொறியோ வாடகைக்குப் பிடித்து, கூலியை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ட்ரெய்லர் செலவு, அதன் பதிவு, இரண்டு டயர், ஒவ்வொரு தடவையும் கூடக் குடிக்கிற டீசல், எல்லாம் சேர்த்து வாடகையைவிடக் குறைகிறதா என்று அதற்குப் பிறகு பாருங்கள். செய்வதாக முடிவெடுத்தால் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ள வகைக்கு அந்த ட்ரெய்லர் எடை பொருந்துமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, காப்புறுதிக்காரரிடமும் ட்ரெய்லர் கட்டிய நிலையில் காப்பு உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வது இங்கே செல்லாது.

கம்பளைக்கு மழை நாளில் போகாதீர்கள். நனைந்த வண்டியில் எண்ணெய்க் கசிவு தெரியாது. அன்று காலைதான் கழுவி வைத்தேன் என்று அடிப்பக்கம் பளபளவென்று இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டு, அப்புறம் மறுபடி படுத்துப் பாருங்கள்.